வெட்டாமல் விட்டதற்குக் கூலி

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டுக் கதவுகள் சாத்த மறுக்கும். ஊர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது. சுவரும் தரையும் ஈரம் கோத்துக்கொண்டு நிற்கும்போது மரம் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் கதவு நிலைக்குள் போகிறது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் திறக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லோரும் தெரிந்த கார்பெண்டருக்குப் போன் போடுவோம். "மேஸ்திரி, கதவு பிடிக்குது. வந்து கொஞ்சம் இழைச்சு விட்டுட்டுப் போங்க" என்போம். என்ன கோளாறு, அதற்கு என்ன வழி என்று இரண்டையும் நாமே முடிவு செய்துவிட்டோம். அவர் இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்தால் போதும்.

வருகிறவர் சொன்னபடி இழைத்துவிட்டுப் போனால் அன்றைக்குக் கதவு சாத்தும். பங்குனியில்தான் விஷயம் தெரியும். மரம் ஈரம் குடித்தால் அகலவாட்டில் உப்பும், காய்ந்தால் அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் அது அசைவது கண்ணுக்கே தெரியாது. மழையில் உப்பி நிற்கும் கதவிலிருந்து ஒரு நூல் எடுத்துவிட்டால் (தச்சுக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம்) வெயில் காலத்தில் எடுத்ததும் சுருங்கியதும் சேர்ந்து சந்து விழும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இழைத்த இடத்தில் பழைய பெயிண்டும் சேர்ந்து போய்விடுகிறது. மேலே எதுவும் பூசாமல் விட்ட அந்த வெறும் மரம் அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், மறுபடி பிடிக்கும், மறுபடி ஆள் வருவார், மறுபடி இழைப்பார். இப்படி ஆண்டுதோறும் சீவல் சீவலாகப் பறிகொடுத்து, கடைசியில் தாழ்ப்பாள் எட்டாமல் போன தேக்குக் கதவுகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மழை அந்தக் கதவுகளைக் கெடுக்கவில்லை. கேட்டபடி செய்து கொடுத்த வேலைதான் கெடுத்தது.

வேலை தெரிந்தவர் வந்தால் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். கதவின் ஓரத்தில் விரலை ஓடவிட்டுப் பார்ப்பார். "இப்ப இதுல கை வைக்கக் கூடாது சார். ஈரம் இழுத்திருக்கு. தை பொறக்கட்டும், காத்து காயட்டும். அப்பவும் புடிச்சா கூப்பிடுங்க. அதுக்குள்ள வெயில் அடிக்கிற அன்னிக்கு மேல் ஓரம், கீழ் ஓரம் ரெண்டுலயும் ஒரு கை பெயிண்ட் அடிச்சு விட்டுருங்க" என்பார். கதவின் முகத்துக்கெல்லாம் வண்ணம் அடித்துவிட்டு, யாரும் பார்க்காத மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் வெறுமனே விட்டுவிடுவது நம் பெயிண்டர்களின் நெடுநாள் வழக்கம். மரத்தின் நார் முனைகள் திறந்திருப்பது அங்கேதான். ஈரம் முதலில் உள்ளே போவதும் அங்கேதான். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்த இந்த விஷயத்துக்குப் பின்னால் நாற்பது வருடத் தொழில் இருக்கும்.

அன்றைக்கு அவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு காபி. "ரொம்ப சந்தோஷம் மேஸ்திரி, தை மாசம் கூப்பிடுறேன்" என்று ஒரு வார்த்தை. வண்டிக்குப் பெட்ரோல் அவர் கைக்காசு. காலை வேளை போனது போனதுதான். கதவை இழைத்துக் கெடுத்திருந்தால் அரை நாள் கூலி வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

வீட்டு மரவேலைக்கு ஆள் வைப்பதைப் பற்றி யோசிக்கும் போதெல்லாம் என் மனம் வந்து நிற்பது இந்த இடத்தில்தான். வெட்டினால் கூலி, இழைத்தால் கூலி, ஆணி அடித்தால் கூலி என்று நம் கணக்கு இருக்கிறது. வெட்ட வேண்டாம் என்று ஒருவர் சொல்லும்போதுதான் நமக்கு அதிகப் பணம் மிச்சமாகிறது, அதற்கு மட்டும் நம் கணக்கில் இடமே இல்லை. டாக்டரிடம் போய் உட்கார்கிறோம். அவர் நாடி பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, "ஒன்றும் இல்லை, மாத்திரை வேண்டாம்" என்கிறார். ஃபீஸைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து வருகிறோம். மருந்து எழுதவில்லையே, எதற்கு ஃபீஸ் என்று யாரும் கேட்பதில்லை. படித்த கண்ணுக்கு விலை உண்டு என்று அங்கே ஒப்புக்கொள்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிற மேஸ்திரியின் கண்ணும் படித்த கண்தான் என்பது மட்டும் நமக்கு உறைப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவை ஒருமுறை வயதான தச்சர் ஒருவர் பார்த்த விதத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கதவு தரையில் உரசிக்கொண்டிருந்தது. அரைவட்டமாகக் கோடே விழுந்துவிட்டது. அதற்கு முன் வந்தவர் கதவு உளுத்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும், ரெடிமேட் கதவு ஒன்று போட்டுவிடலாம் என்று விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் வந்ததும் கதவைத் தொடவில்லை. நான்கடி தள்ளி நின்று நிலைக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள சந்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீல் பக்கம் மேலே சந்து அகலம், கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப் பக்கம் நேர் தலைகீழ். பிறகு கதவைப் பாதி திறந்து, பிடியை மெல்லத் தூக்கினார். மேல் கீல் அசைந்தது. கதவின் எடை மொத்தமும் இழுப்பது மேல் கீலைத்தான். அதன் ஸ்க்ரூக்கள் பிடிப்பு விட்டிருந்தன. ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். மரையில் மரநார் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. "இது திருப்பி ஏத்தினது இல்ல, சுத்தியலால அடிச்சு எறக்கினது" என்றார்.

ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்குவது நேரத்தை மிச்சப்படுத்துகிற வேலை. திருப்புளியால் திருகி ஏற்றினால் மரை மரத்தில் தடம் வெட்டிக்கொண்டு உட்காரும். அடித்தால் நாரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றேபோல் தலை பளபளவென்று இருக்கும். வித்தியாசம் தெரியச் சில வருடங்களாகும். அதற்குள் செய்தவர் எங்கேயோ, நாம் எங்கேயோ.

பெரியவர் பையிலிருந்து ஒரு தேக்குத் துண்டை எடுத்து உளியால் சன்னமாகச் சீவி முளை செய்தார். தளர்ந்த துளைகளில் ஃபெவிகால் விட்டு, முளையை அடித்து, மேல்மட்டத்துக்கு வெட்டிவிட்டு, பசை காயட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு சின்னத் துளை போட்டு, ஸ்க்ரூவின் மரையில் சோப்பைத் தடவி, கையாலேயே ஏற்றினார். கதவு தரையைவிட்டு எழுந்தது. உளுத்ததாகச் சொல்லப்பட்ட கீழ்ச் சட்டத்தை உளி முனையால் குத்திக் காட்டினார். ஓரத்தில் அரை அங்குலம் மட்டும் பொதபொதவென்று போனது, அதற்கப்பால் உளி இறங்கவில்லை. "வெள்ளைதான் போயிருக்கு. வைரம் அப்படியே இருக்கு." மரத்தின் வெளிப்பக்கம் வெள்ளை, உள்கட்டை வைரம், பூச்சி வெள்ளையைத் தின்றுவிட்டு வைரத்தில் நின்றுவிடும். புதுக் கதவுக்கான செலவு எங்களுக்கு மிச்சம். அவர் கேட்ட கூலி, நான் சொல்லவே கூசுகிற அளவுக்குக் குறைவு. கீல் மாட்டிய வேலைக்குத்தான் அவர் கேட்டார், பார்த்ததற்குக் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவரைச் சுற்றியிருந்த நாம் யாரும் அவருக்கு அதைச் சொன்னதுமில்லை.

வெளியே தெரியாத இடத்தில்தான் மரவேலையின் நாணயம் முழுவதும் இருக்கிறது. ஒரு சட்டத்தில் துளை வெட்டி, இன்னொன்றில் நாக்கு எடுத்துச் செருகும் பழைய கதவு மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கு துளைக்குள் முழுதும் போயிருக்கிறதா, பாதியில் நின்றிருக்கிறதா என்பது செருகிய பிறகு செய்தவருக்கு மட்டும் தெரியும். நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் பசை போடாமல், அசைய இடம் விட்டு நிறுத்த வேண்டும். மழையிலும் வெயிலிலும் அது உள்ளுக்குள் உப்பிச் சுருங்கிக்கொள்ளும். இடம் விடாமல் இறுக்கிப் பசை போட்டுவிட்டால் இரண்டாவது கோடையில் பலகை நடுவில் வெடிக்கும். அந்தக் காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஒட்டினார்கள். ஈரம் பட்டால் அது விட்டுவிடும் என்பதால் மூட்டு தன் பலத்திலேயே நிற்கவேண்டியிருந்தது, மூங்கில் ஆணியும் அறைந்தார்கள். 1959இல் ஃபெவிகால் வந்தது. அது நல்ல பசைதான், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒழுங்காக வெட்டாத மூட்டையும் சில வருடம் தாங்கிப் பிடிக்கும் வலு அதற்கு இருக்கிறது. அந்தச் சில வருடத்தில் தப்பு செய்தவரைத் தேடிப் பிடிக்கும் வாய்ப்பு நமக்குப் போய்விடுகிறது.

பிளைவுட்டிலும் இதே கதைதான். எட்டுக்கு நான்கு பலகையின் மேல் ஐஎஸ் 710 என்று முத்திரை இருந்தால் தண்ணீர் தாங்கும் மெரைன் பிளை. சமையலறைத் தொட்டிக்குக் கீழே அதுதான் வேண்டும். அறுத்து, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டி, ஓரத்தில் பட்டி அடித்துவிட்டால் முத்திரையும் தெரியாது, உள்ளே இருப்பதும் தெரியாது. அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்குத்தான் பிறகு தெரியவரும், கதவு வீங்கிக் கீல் பிய்ந்து வரும்போது.

ஏமாற்றுகிறார்கள் என்று மொத்தமாகச் சொல்லிவிடுவது நம் ஊரில் எளிது. காண்ட்ராக்டர் என்ற சொல்லையே பலர் சந்தேகத்தோடுதான் உச்சரிக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். பணம் எந்த வழியில் போகிறதோ அந்த வழியில்தான் வேலையும் போகும். நாள் கூலிக்கு வைத்தால் வேலை இழுக்கும். சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் விட்டால் வேலை ஓடும், ஸ்க்ரூவைச் சுத்தியல் இறக்கும். லேபர் மட்டும் அவர், பொருள் நாம் என்று பேசிக்கொண்டு, கூலியில் கடைசி நூறு ரூபாய்வரை பேரம் பேசிக் குறைத்தால், அந்த நூறு எங்கேயோ போய்விடுவதில்லை. பலகைக் கடையில் அவருக்குக் கிடைக்கிற கமிஷனாக நம் பில்லுக்குள்ளேயே திரும்பி வருகிறது. அப்போது தேவையில்லாத இடத்திலும் புதுப் பலகை வேண்டும் என்று சொல்லத்தான் அவர் வாய் வரும். நேர் வழியில் கொடுக்க மறுத்த கூலியைச் சுற்று வழியில் நாமே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். போகிற வழியில் நல்ல கதவு ஒன்றும் குப்பைக்குப் போகிறது.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பாதியில் காணாமல் போகிறார்கள் என்ற குறையும் உண்மைதான். அனுபவித்தவர்களின் எரிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆடி பிறப்பதற்குள் குடிபோக வேண்டும் என்று நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள். ஆடி பிறந்தால் புதுமனை புகுவிழா கிடையாது, வேலை வற்றிப்போகும். அந்த வற்றிய மாதத்துக்கும் சேர்த்து நெருக்கடி மாதத்தில் நான்கு பேரிடமும் கைநீட்டிவிடுகிறார்கள். ஆடியில் பழுதுவேலைக்கு ஆள் கூப்பிட்டுப் பாருங்கள். அதே மேஸ்திரி நிதானமாக, ஒரே வீட்டில் நின்று செய்து முடிப்பார்.

தொழில் தெரிந்தவரின் அறிவுக்கு ஏன் நம்மால் விலை வைக்க முடியவில்லை என்ற கேள்விக்குப் பழைய பதில் ஒன்று கல்லில் இருக்கிறது. கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரோடு வெங்கால நாட்டுக் கண்மாளர்களுக்கு ஓர் அரசாணை வெட்டப்பட்டிருக்கிறது. தச்சர், கொல்லர், தட்டார் முதலிய கைவினைஞர்களைத்தான் கண்மாளர் என்று அழைத்தார்கள். இனி அவர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அந்த ஆணை உரிமை கொடுக்கிறது. அந்த ஆணை வரும்வரை நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊருக்கெல்லாம் நிலை வைத்துக் கதவு மாட்டிக் கொடுத்தவர் தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசன் அனுமதி வேண்டியிருந்தது. கையின் உழைப்பை வாங்கிக்கொண்டு, அதைச் செலுத்தும் அறிவைக் கீழே நிறுத்திய வழக்கம் நமக்கு நேற்று வந்ததல்ல. சாந்து பூசத் தடையெல்லாம் போய்விட்டது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது, தச்சர்களும் அதில் பதிந்துகொள்ளலாம். நாள் கூலி ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் "இங்கே என்ன செய்ய வேண்டும்?" என்று அவரைக் கேட்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் வரவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் சொல்வோம். செய்ய மட்டும் அவர்.

இதில் பெண்களின் நிலை தனி. பகல் முழுதும் வீட்டில் இருந்து எந்தக் கதவு எப்போது பிடிக்கிறது, எந்த ஜன்னல் எந்தக் காற்றுக்கு அடித்துக்கொள்கிறது என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். வருகிற மேஸ்திரியோ "சார் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு சாயங்காலம் வருவதாகப் போய்விடுவார். கோளாறைத் தெரிந்த இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாமலேயே, தெரியாத ஒருவர் பேரம் பேசி முடிக்கிற வீடுகள் நிறைய. அங்கே வேலை தப்பாகப் போவதில் ஆச்சரியம் என்ன?

நேர்மையாகப் பார்த்துச் சொல்கிறவர் ஒவ்வொரு முறையும் தம் கைக்காசிலிருந்துதான் சொல்கிறார். இதை ஒருவர் எத்தனை வருடம் தாங்குவார்? வீட்டில் பிள்ளை படிக்கிறது, வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது. ஒருநாள் அவரும் இழைப்புளியை எடுத்துவிடுவார். நாம் கேட்டதைச் செய்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார், அவர் செய்தது தப்பு என்று சொல்ல நமக்கு வாயும் இருக்காது. நல்ல தச்சர்கள் குறைந்துவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். குறைந்ததில் ஒரு பகுதி இப்படிக் குறைந்ததுதான். தொழிலை மறந்தவர்கள் இல்லை அவர்கள். தெரிந்ததைச் சொல்லிச் சொல்லி நஷ்டப்பட்டு, சொல்வதை நிறுத்திக்கொண்டவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அளவெடுத்துக் கொண்டுபோய்த் தொழிற்சாலையில் அறுத்து வந்து மாட்டும் மாடுலர் வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே கூலி முன்கூட்டியே தெரியும். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த அந்தப் பலகையில் ஒருமுறை ஸ்க்ரூ பிய்ந்தால் பழைய பிடிப்பு வருவது கஷ்டம். பெரும்பாலும் பலகையையே மாற்றச் சொல்வார்கள். காரைக்குடிப் பக்கம் இடிக்கிற வீடுகளிலிருந்து நூறு வருடத்துக்கு முந்தைய பர்மா தேக்குக் கதவும் நிலையும் தனியாகக் கழற்றப்பட்டு நல்ல விலைக்குப் போகின்றன. அவை இன்றைக்கும் ஆடுகின்றன என்றால், செய்தபோது கழற்றிச் சரிசெய்ய வழி வைத்துச் செய்தார்கள் என்பது ஒரு காரணம். நடுவில் வந்த தச்சர்கள் தொட வேண்டாத இடத்தைத் தொடாமல் விட்டார்கள் என்பது இன்னொரு காரணம். முதலில் செய்தவருக்குக் கூலி கிடைத்திருக்கும். தொடாமல் விட்டவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

ஒரு வீட்டின் ஆயுள், அதைப் பழுதுபார்க்க வருகிறவர் உண்மை சொல்வதற்கு நாம் எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று நான் முழுமனதாக நம்புகிறேன். மரத்தின் தரமும் பசையின் தரமும் அதற்கு அடுத்தபடிதான். அந்த இடத்தைக் கொடுப்பது பெரிய காரியமும் இல்லை.

அடுத்த முறை போன் செய்யும்போது வேலையைச் சொல்லாமல் கோளாறை மட்டும் சொல்லுங்கள். "வந்து பார்த்துச் சொல்லுங்க மேஸ்திரி. பார்க்கிறதுக்குத் தனியா குடுத்துடுறேன். ஒண்ணும் செய்ய வேண்டாம்னு தோணினாலும் தயங்காம சொல்லுங்க" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வரும்போது கதவோடு பழகுகிற ஆள் வீட்டில் இருக்கட்டும். எந்த மரம், எத்தனை நூல் கனம், எந்தப் பிளை, எப்போது எவ்வளவு பணம் என்று பேசியதை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அது அவருக்கும் பாதுகாப்பு. பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று அவர் சொன்னால், பேசியபடி கொடுத்து அனுப்புங்கள். எவ்வளவு என்று கேட்டால், அரை நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள்.